கைக்குள் அடங்கும் தாளம்

நுழையும்முன்

இசைக்கருவி என்றதும் யாழும் குழலும் முழவும் நம் நினைவுக்கு வருகின்றன. இரண்டு மரத்துண்டுகள் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், மார்கழி விடியலில் வீதியில் பாடிச் செல்வோரின் குரல்கள் சிதறாமல் ஒன்றாய் நடக்கத் துணைநிற்பவை அம்மரத்துண்டுகளே. சிப்ளாக்கட்டை என்னும் அக்கருவியின் வரலாற்றைக் கூறி, அதனை முறையாகக் கற்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது இக்கட்டுரை.

கற்க என்ன இருக்கிறது?

வீணை கற்பதாக ஒருவர் சொன்னால் மதிக்கிறோம். மிருதங்கம் கற்பதாகச் சொன்னால், யாரிடம் கற்கிறார் என்று கேட்கிறோம். சிப்ளாக்கட்டை கற்பதாகச் சொன்னாலோ, ‘அதில் கற்க என்ன இருக்கிறது?’ என்று வியக்கிறோம். எளிய கருவிக்குக் கல்வி வேண்டியதில்லை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழப் படிந்துவிட்டது. கல்வி வேண்டாத கருவிக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாத கருவிக்கு மாணவர் இல்லை. மாணவர் இல்லாத கருவி நாளடைவில் பூசையறை மாடத்தில் தூசி படிந்து கிடக்கும். இந்நிலை மாற வேண்டும். தாளக் கல்வியின் முதற்படியாகக் கட்டை நம் பள்ளிகளுக்குள் வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கருவியின் அமைப்பு

ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள இரண்டு மரத்துண்டுகள். ஒன்றையொன்று நோக்கும் பக்கம் தட்டையாகவும் வெளிப்பக்கம் சற்றே வளைந்தும் இருக்கும். முனைகளில் சிறு சலங்கைகளோ பித்தளை வில்லைகளோ பொருத்தப்பட்டிருக்கும். விரல் நுழைவதற்கு வளையங்கள் உண்டு. ஒரு கட்டையின் வளையத்தில் பெருவிரலையும் மற்றதன் வளையத்தில் வேறொரு விரலையும் நுழைத்துக்கொண்டு, உள்ளங்கையைத் திறந்து மூட வேண்டும். மரம் மரத்தோடு மோத, கணீரென்னும் ஒலியுடன் சலங்கையின் சிலிர்ப்பும் சேர்ந்தெழும். சிப்ளாக்கட்டை என்றும் சப்ளாக்கட்டை என்றும் இது வழங்கப்படுகிறது.

ஒரே கைக்குள் இரு துண்டுகளை மோதவிட்டுத் தாளம் எழுப்பும் வழக்கம் உலகின் பல மூலைகளிலும் உண்டு. விலங்குகளின் விலா எலும்புகள் இரண்டை விரல்களுக்கிடையே பிடித்து, மணிக்கட்டை ஆட்டி ஒலிப்பது ஐரோப்பிய நாட்டுப்புற மரபு. அயர்லாந்து நாட்டுப்புற இசையில் அவ்வெலும்புத் தாளம் இன்றும் ஒலிக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில், கழுதைத் தலையுடன் நிற்கும் நெசவாளி தனக்கு இசை கேட்கத் தோன்றியதும், இடுக்கியையும் எலும்பையும் ஒலிக்கச் சொல்கிறான். ஸ்பெயின் நாட்டு நடனக் கலைஞர்கள் குழிந்த கட்டைகளைப் பெருவிரலில் கோத்து ஒலிக்கிறார்கள். இராசத்தான் பாலைநிலத்தின் மாங்கணியார் இசைக்குலத்தாரோ, கைக்கு இரண்டாக நான்கு மெல்லிய மரத்தகடுகளைப் பிடித்துக் ‘கர்தால்’ இசைக்கிறார்கள். அவர்கள் விரல்களின் விரைவு காண்போரை மலைக்க வைக்கும். எலும்பானாலும் மரமானாலும், இக்கருவிகள் அனைத்தின் அடிப்படை ஒன்றே: கைதட்டலின் நீட்சியாக ஒலிப்பது.

தாளமும் கையும்

தமிழிசை மரபு தாளத்தைக் கையிலிருந்தே தொடங்குகிறது. ‘பாணி’ என்னும் சொல் கையையும் குறிக்கும், தாளத்தையும் குறிக்கும். கொட்டு, அசை, தூக்கு, அளவு எனத் தாளத்தின் கால அளவுகளைப் பண்டையோர் வகுத்தனர். இவற்றுள் அசை, தூக்கு ஆகிய சொற்கள் நீங்கள் யாப்பிலக்கணத்தில் சந்திப்பவையே. செய்யுளின் அளவும் இசையின் அளவும் ஒரே தாய்வீட்டில் பிறந்தவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

திருஞானசம்பந்தர் திருக்கோலக்காவில் கைகளால் தாளமிட்டுப் பாடியபோது, அப்பிஞ்சுக் கைகள் நோகாதவாறு இறைவன் பொற்றாளம் அருளினான் என்கிறது பெரியபுராணம். காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனிகளில், அவர் கையில் தாளம் ஏந்தி அமர்ந்திருக்கும் கோலத்தைக் காணலாம். தாளக்கருவி என்பது கைக்கு வந்த துணை என்னும் உண்மையை இவ்விரு காட்சிகளும் உணர்த்துகின்றன.

இத்தனை இருந்தும், கருவிகளை வகைப்படுத்தும்போது கட்டை வாசலிலேயே நின்றுவிடுகிறது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பிரிக்கிறோம். கஞ்சம் என்பது வெண்கலம். மரத்தோடு மரம் மோதி ஒலிக்கும் கட்டையோ தோலும் அன்று, துளையும் அன்று, நரம்பும் அன்று, வெண்கலமும் அன்று. வேறு இடமின்மையால் கஞ்சக்கருவிகளின் ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறது. பட்டியலில் இடம் கிடைக்காத கருவிக்குப் பாடத்திட்டத்திலும் இடம் கிடைக்காமற்போவதில் வியப்பில்லை.

தஞ்சையிலிருந்து சென்னைக்கு

தஞ்சையை மராத்திய மன்னர்கள் ஆண்ட காலம் 1676 முதல் 1855 வரை. அவர்களோடு மராத்தியக் கீர்த்தன மரபும் காவிரிக் கரைக்கு வந்தது. கதை சொல்பவர் நின்றுகொண்டே பாடி, பேசி, நடித்துக் காட்டும் அம்மரபில் ‘சிபளி’ என்னும் கட்டைக்கு உரிய இடம் உண்டு. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் (1841–1903) அம்மரபை உள்வாங்கி, தமிழுக்கும் கருநாடக இசைக்கும் ஏற்ப வடிவமைத்தார். அவ்வாறு உருப்பெற்ற கதாகாலட்சேபம் தமிழகமெங்கும் பரவியபோது சிபளியும் சிப்ளாக்கட்டையாகித் தமிழானது. வந்த கருவியை வாங்கிக்கொண்டு, தன் பாட்டைப் பாடவைக்கும் ஆற்றல் தமிழுக்கு எப்போதும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் இன்று நம் இசையின் பிரிக்க இயலாத உறுப்பாகிவிடவில்லையா?

கதாகாலட்சேப மேடை நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. சரஸ்வதி பாய் அம்மேடையில் ஏறியபோது எதிர்ப்புகள் எழுந்தன. அவர் பின்வாங்கவில்லை. கட்டையைக் கையில் ஏந்திக் கதையைச் சொன்னார்; அவைகள் அவரை ஏற்றுக்கொண்டன; அவரைத் தொடர்ந்து மகளிர் பலர் அத்துறைக்கு வந்தனர். இரண்டு சிறு மரத்துண்டுகளை ஏந்துவதற்கும் ஒரு பெண் போராட வேண்டியிருந்தது என்னும் செய்தியை நாம் மறந்துவிடலாகாது. எந்தக் கருவியை யார் தொடலாம் என்பது எக்காலத்திலும் வெறும் இசைக் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை.

மயிலையும் அடையாறும்

சென்னையின் தென்பகுதியில் மரத்தின் தாளம் வெவ்வேறு வடிவங்களில் ஒலித்து வந்திருக்கிறது. மயிலாப்பூருக்கும் விழாவின் ஒலிக்கும் உள்ள உறவு பழைமையானது. திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் விழாக்களை வரிசையாகப் பாடுகிறார். அதே ஊரின் மாடவீதிகளில், 1920களில் சென்னைக்கு வந்த பாபநாசம் சிவன் (1890–1973) மார்கழி விடியலில் பஜனைக் குழுவை நடத்திச் சென்றார். புகழ்பெற்ற பாடலாசிரியரும் பெயரறியாத அண்டை வீட்டாரும் ஒரே வரிசையில் பாடி நடந்த வீதி அது. அவருக்குப் பின்னும் அவ்வழக்கம் தொடர்ந்து வருகிறது. நடந்துகொண்டே பாடும் குழுவிற்கு வீணை பயன்படாது. கைக்குள் அடங்கும் கருவியே துணையாகும்.

அடையாற்றில் 1936ஆம் ஆண்டு ருக்மிணி தேவி கலாசேத்திராவைத் தொடங்கினார். பரதநாட்டிய வகுப்பில் ஆசிரியர் தட்டுக்கழியால் மரப்பலகையைத் தட்டிச் சொற்கட்டுகளைச் சொல்ல, மாணவர்கள் அடவு பழகுவதைக் காணலாம். அரங்கேற்றத்தன்று தாளமும் மிருதங்கமும் ஒலிக்கலாம். ஆனால், பாதங்களுக்குத் தாளத்தை முதலில் சொல்லித்தருவது மரத்தின் ஒலியே.

தென்பாண்டி நாட்டிலிருந்து சென்னைக்கு வந்த வில்லுப்பாட்டையும் இங்கே நினைவுகூர வேண்டும். வில், உடுக்கை, குடம், தாளம் ஆகியவற்றோடு கட்டையும் வில்லுப்பாட்டின் பக்கக்கருவிகளுள் ஒன்று. 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகம் (1928–2022) சென்னையில் வாழ்ந்து அக்கலையை நகர மக்களிடம் கொண்டு சேர்த்தார். பஜனை, கதாகாலட்சேபம், வில்லுப்பாட்டு என வெவ்வேறு மக்கள் திரளின் கலைகளில் கட்டை இடம்பெற்றிருக்கிறது. அது ஒரு சாரார்க்கே உரிய கருவி என்று எவரும் உரிமை கொண்டாட முடியாது.

கற்கும் முறை

கட்டையில் கற்க என்ன இருக்கிறது என்னும் கேள்விக்கு இப்போது வருவோம். முதலில் கற்க வேண்டியது பிடி. இறுகப் பிடித்தால் ஒலி செத்துப்போகும். தளரப் பிடித்தால் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தா. மணிக்கட்டு இளகியும் விரல்கள் உறுதியாகவும் இருக்க வேண்டும். மூடுவதைவிடத் திறப்பதே கடினம். காலத்தில் திறவாத கை அடுத்த தட்டுக்குக் காலத்தில் வந்து சேராது.

அடுத்தது எண்ணிக்கை. ஆதிதாளத்திற்கு எட்டு எண்ணிக்கை. நான்கு, இரண்டு, இரண்டு எனப் பகுக்கப்படும். எண்ணிக்கைக்கு ஒரு தட்டாகத் தொடங்கி, இரண்டு தட்டு, நான்கு தட்டு எனக் காலத்தை ஏற்றிப் பழக வேண்டும். அதன்பின் வருவது மௌனம். எட்டில் மூன்றை மட்டும் ஒலித்து ஐந்தை ஒலிக்காமல் விட்டாலும், அந்த ஐந்தும் மனத்துக்குள் சரியான இடைவெளியில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தட்டாத இடத்தில் தாளத்தைக் காப்பவரே தாளம் அறிந்தவர்.

மூன்றாவது, வாயையும் கையையும் பிரிப்பது. பாட்டின் சொற்கள் தாளத்தின் மேல் எப்போதும் நேராக விழுவதில்லை. சில எடுப்புகள் தட்டுக்குப் பின்னர்த் தொடங்கும். வாய் தன் போக்கில் செல்ல, கை தன் காவலில் நிற்க வேண்டும். கதாகாலட்சேபக் கலைஞர் பாட்டை நிறுத்தி உரையில் இறங்குவார்; மீண்டும் பாட்டுக்குள் நுழையும்போது கட்டையின் ஒரு தட்டால் பக்க இசைக்கலைஞர்க்குக் காலத்தை உணர்த்துவார். அந்த ஒரு தட்டுக்குப் பின்னால் பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது.

நான்காவதே அனைத்திலும் அரியது. பலர் சேர்ந்து பாடும்போது பாட்டின் வேகம் அவர்களை அறியாமலே கூடும். உற்சாகத்தில் எல்லாரும் ஓடுவார்கள். கட்டை பிடித்தவர் அவர்களோடு ஓடலாகாது. அவர்களை விட்டுவிட்டு நின்றுவிடவும் ஆகாது. கேட்டுக்கொண்டே, சற்றே இழுத்துப்பிடித்து, கூட்டத்தைக் காலத்துக்குள் கொண்டுவர வேண்டும். தன்னை முன்னிறுத்தாமல் பிறரை ஒன்றுசேர்க்கும் இப்பண்பை எந்தத் தேர்வுத்தாளாலும் கற்பிக்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

தாளத்தின் பழந்தமிழ் அளவுகள்: கொட்டு – அரை மாத்திரை, அசை – ஒரு மாத்திரை, தூக்கு – இரண்டு மாத்திரை, அளவு – மூன்று மாத்திரை.

தாளத்தின் ஐந்து நடைகள்: திசிரம் (3), சதுசிரம் (4), கண்டம் (5), மிசிரம் (7), சங்கீரணம் (9).

‘துணைக்கருவிதானே?’

கட்டை வெறும் துணைக்கருவி. அதற்குத் தனிக்கல்வி எதற்கு என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு நம் இசை வரலாறே விடை சொல்கிறது. கஞ்சிராவும் ஒரு காலத்தில் பஜனைக்குரிய எளிய கருவியாகவே இருந்தது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதனை ஆழ்ந்து பயின்று கச்சேரி மேடைக்கு உயர்த்தினார். கடம் என்பது மண்பானை. அப்பானையைக் கொண்டு டி.எச். விநாயக்ராம் உலக மேடைகளில் புகழ் பெற்றார். அவர் பங்கேற்ற ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்பு கிராமி விருதை வென்றது. தோலும் மண்ணும் எளிய பொருள்களே. பயின்ற கைகளே அவற்றுக்குப் பெருமை தந்தன. கட்டைக்கும் அத்தகைய கைகள் வாய்க்கலாம். வாய்க்காமற் போனாலும் குறையில்லை. எல்லாக் கருவியும் தனிமேடை ஏற வேண்டியதில்லை; எல்லாரையும் பாடவைக்கும் கருவி ஒன்றேனும் நமக்கு வேண்டும்.

இது பக்திப் பாடலுக்குரிய கருவி. பொதுக்கல்வியில் இதற்கு இடம் எதற்கு என்பது மற்றொரு கேள்வி. கருவி எப்பொருளைப் பாடுவது என்பதைத் தானே முடிவு செய்வதில்லை. காவடிச்சிந்துக்கும் நாற்றுநடவுப் பாட்டுக்கும் பாரதியின் விடுதலைப் பாட்டுக்கும் அதே கட்டை தாளமிடும்.

மூன்றாவது கேள்வி இவற்றினும் ஆழமானது. மாடவீதியில் கட்டைக்குக் கிடைத்த வரவேற்பு, அதே நகரில் பறைக்குக் கிடைத்ததா? கிடைக்கவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்துப் போற்றிய பறை, பிற்காலத்தில் சாதி இழிவோடு பிணைக்கப்பட்டது. அத்தளையை உடைத்தவர்கள் பறையைக் கற்றவர்களும் கற்பித்தவர்களுமே. 2007ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம் விழாவில் நகரின் பூங்காக்களிலும் பொதுவெளிகளிலும் நாட்டுப்புறக் கலைகள் ஒலித்தன. 2015 முதல் பெசன்ட் நகரையொட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடைபெற்ற விழா, சபைகளின் இசையையும் மக்கள் கலைகளையும் மீனவர் வாழிடத்தில் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டார். இன்று பட்டதாரிகளும் பள்ளிச் சிறாரும் ஆண் பெண் வேறுபாடின்றிப் பறை பயில்கின்றனர். கட்டைக்காகப் பேசுபவர் பறைக்காகவும் பேச வேண்டும். ஒரு வகுப்பறையில் இரண்டும் அருகருகே ஒலிப்பதே நாம் விரும்பும் நிலை.

பள்ளிக்குள் ஒரு தாளம்

2017ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களின் வலைப்பின்னலில் இசைக்காகச் சென்னை இடம்பெற்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால், ஒரு நகரத்தின் இசை அதன் மேடைகளால் மட்டும் அளக்கப்படுவதில்லை. அந்நகர மக்களுள் எத்தனை பேர் சேர்ந்து பாடுகிறார்கள் என்பதாலும் அளக்கப்படும். இன்று பாட்டு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. தாளம் கைப்பேசிச் செயலியிலிருந்து வருகிறது. இயந்திரத்தின் தாளம் பிழையற்றது. ஆயினும், அது நாம் பாடுவதைக் கேட்பதில்லை. மூச்சு வாங்குபவருக்காக அது காத்திராது. தயங்கிப் பாடுபவரைச் சேர்த்துக்கொள்ளாது. கேட்டுத் தட்டும் கை செய்யும் பணி அதற்கு எட்டாது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அவ்வரிசையில் கட்டைக்குத் தனிவகுப்பு தொடங்க வேண்டும் என்று கோரவில்லை. நம் வகுப்பறைகளில், செய்யுள் கற்பிக்கும் பாடவேளையில் அதற்குச் சிறிது இடம் தரலாம். செப்பலோசை, அகவலோசை, துள்ளலோசை, தூங்கலோசை என்று மனப்பாடம் செய்து எழுதும் மாணவருள் பலர் அவ்வோசைகளைக் காதால் கேட்டதில்லை. கட்டையைத் தட்டி ஒரு சிந்துப்பாடலைச் சீர் பிரித்துப் பாடிப் பார்த்தால், இலக்கணம் கைவழியே காதுக்கும் காதுவழியே கருத்துக்கும் ஏறும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விலைகொடுத்து வாங்க இயலாத பள்ளியில் வழவழப்பாக இழைத்த இரு மரத்துண்டுகளே போதும். ஏழை மாணவரும் செல்வ மாணவரும் ஒரே ஒலியை எழுப்பும் கருவி இதுபோல் வேறு எத்தனை உண்டு?

தனித்துச் சிறக்கக் கற்பிக்கும் பாடங்கள் நம்மிடம் பல உள்ளன. சேர்ந்து நடக்கக் கற்பிக்கும் பாடங்கள் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று நம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் காத்திருக்கிறது. மாணவர்களே, அதனைக் கையிலெடுங்கள், முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், அருகில் இருப்பவர் பாடுவதைக் கேட்டுத் தட்டுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் பஜனை, வில்லுப்பாட்டு, கோலாட்டம், பறையாட்டம் முதலியவற்றை நிகழ்த்தும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் தாளம் கற்ற முறையைக் கேட்டு எழுதுக.

2. ஒரு சிந்துப்பாடலைத் தேர்ந்தெடுத்து, சீர்தோறும் கைதட்டிக் குழுவாகப் பாடுக. பாடும் வேகம் எங்கே கூடுகிறது என்பதைக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘எளிய கருவிகளுக்கும் முறையான கல்வி தேவை’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.